3டி ஸ்லைசர்: செல்லூர் மாடியிலிருந்து ஒரு மதிப்புரை

ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பைப் பிரித்தெடுத்து 3டி மாடலாக்க உதவும் இந்த மென்பொருளுக்கு நான் போடும் மார்க் பத்துக்கு எட்டு. குறைத்த இரண்டில் ஒன்று அதன் சேவ் பெட்டிக்கு. இன்னொன்று, புதிதாக வருகிறவர்களை வாசலிலேயே மிரட்டி அனுப்புவதற்கு. மற்றபடி காசு வாங்காமல் கொடுக்கிறார்களே என்பதற்காக நான் ஒரு மார்க்கும் கூட்டிப் போடவில்லை.

எதை வைத்து மார்க் போடுகிறேன் என்று தெரிய வேண்டுமென்றால் என் வேலையைச் சொல்ல வேண்டும். பல வருடம் சி.டி. ஸ்கேன் டெக்னீஷியனாகக் கன்சோலில் உட்கார்ந்தவள் நான். இப்போது மதுரை செல்லூரில் வீட்டு மாடியில் ஒரு பிரின்டரும், யாரோ விளையாடி விற்ற கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றும் வைத்துக்கொண்டு, முகத்தாடை அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர்களுக்கு எலும்பு மாடல் செய்து தருகிறேன். நோயாளியின் ஸ்கேன் என் கைக்கு வரும். அதிலிருந்து எலும்பை மட்டும் பிரித்தெடுத்து, அசல் அளவிலேயே பிளாஸ்டிக்கில் பிரின்ட் போட்டுக் கொடுப்பேன். டாக்டர் அதை மேஜையில் வைத்து டைட்டானியம் பிளேட்டை முன்கூட்டியே வளைத்து வைத்துக்கொள்வார். தியேட்டரில் நோயாளி மயக்கத்தில் கிடக்கும்போது பிளேட்டை வைத்துப் பார்ப்பதும் எடுத்து வளைப்பதுமாகப் போகிற நேரம் மிச்சமாகும். தை பிறந்தால் மாடு முட்டிய கன்ன எலும்பு, மற்ற மாதங்களில் ஹெல்மெட் போடாத தாடை, வருடம் முழுக்க வாய்ப்புற்று. மதுரையைச் சுற்றி இந்த வேலைக்குப் பஞ்சமில்லை.

3டி ஸ்லைசர் அமெரிக்காவில் பிறந்தது. பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் அறுவை சிகிச்சைத் திட்டமிடல் ஆய்வகமும் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகமும் சேர்ந்து 1998இல் தொடங்கிய வேலை அது. முதலில் ஒரு மாணவரின் முதுகலை ஆய்வேடாக இருந்தது. பிறகு அரசு ஆராய்ச்சிப் பணத்திலும் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களின் உழைப்பிலும் வளர்ந்துவிட்டது. 2011 கடைசியில் 4.0 வந்தது, 2022இல் 5.0. மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பதிவு செய்யச் சொல்வதில்லை, முப்பது நாள் கழித்துப் பூட்டுப் போடுவதில்லை, மாடல் நடுவே 'டெமோ' என்று முத்திரை குத்துவதும் இல்லை.

திறந்ததும் நான்கு கட்டங்கள் தெரியும். சிவப்புப் பட்டை போட்ட கட்டத்தில் தலையைக் கிடைமட்டமாக வெட்டிய படம், மஞ்சளில் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் வெட்டு, பச்சையில் முகத்துக்கு நேரெதிரே நின்று பார்க்கும் வெட்டு. நான்காவது, வெளிர் ஊதாப் பின்னணியில் 3டி. புதிதாகப் பார்க்கிற எல்லோருடைய கண்ணும் அந்த ஊதாக் கட்டத்துக்குத்தான் போகும். டாக்டர்களும் விலக்கில்லை. எலும்பு சுழல்கிறது, பக்கவாட்டில் பார்க்கலாம், கீழிருந்து பார்க்கலாம், யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் நான் மார்க் போடுவது மற்ற மூன்று கட்டங்களுக்காக.

ஏன் என்று ஒரு கேஸை வைத்துச் சொல்கிறேன். நத்தம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்த ஒரு பையன். கண்குழியின் அடித்தளம் உடைந்து, மேலே பார்க்கும்போது எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று வந்திருந்தான். லேப்டாப்பை டாக்டரின் கிளினிக்குக்கே எடுத்துப் போயிருந்தேன். 3டியைச் சுழற்றிப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்மா, வலது பக்கம்தானே உடைஞ்சதா ரிப்போர்ட்டு? இங்க இடது பக்கமும் ஓட்டையா இருக்கே?"

"அது ஓட்டை இல்ல சார், இந்தா காட்டுறேன்."

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கர்சரை அந்த ஓட்டையின் விளிம்புக்குக் கொண்டு போனேன். மற்ற மூன்று கட்டங்களும் அதே இடத்துக்கு ஓடி வந்து நின்றன. பச்சைக் கட்டத்தில் பார்த்தால், இடது கண்ணுக்கு அடியில் மயிரிழை போல ஒரு சாம்பல் கோடு அறுபடாமல் ஓடுகிறது. வலது பக்கம் அந்தக் கோடு நடுவில் முறிந்து, கண்ணைச் சுற்றியிருக்க வேண்டிய கொழுப்பு ஒரு சொட்டாகக் கீழே சைனஸுக்குள் தொங்குகிறது. அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நடந்தது இதுதான். சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்ததற்காக 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் அந்த அளவைச் சொல்கிறோம். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கெட்டி எலும்பு ஆயிரத்தைத் தாண்டும். மென்பொருளிடம் 'இந்த எண்ணுக்கு மேல் உள்ளதெல்லாம் எலும்பு' என்று ஒரு கோடு கிழித்துச் சொல்வோம், அதுதான் த்ரெஷோல்ட். கண்குழித் தளம் காகிதம் போன்ற எலும்பு. அதற்குக் கீழே சைனஸ், முழுக்கக் காற்று. ஒரே புள்ளிக்குள் கொஞ்சம் எலும்பும் கொஞ்சம் காற்றும் அகப்பட்டுக்கொண்டால் இரண்டின் சராசரிதான் எண்ணாக வரும். அது நாம் கிழித்த கோட்டுக்குக் கீழே போய்விடும். 3டியில் அங்கே ஓட்டை விழும். எலும்பு அங்கேயேதான் இருக்கிறது.

இந்த வகை மென்பொருள் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அது காட்டுகிற 3டி படத்தை எவ்வளவு சுலபமாகச் சந்தேகப்பட விடுகிறது? மாடல் எப்போதும் சுத்தமாக, பளபளப்பாக, உண்மை போலவே தெரியும். அதில் எது எலும்பு, எது நாம் நகர்த்திய ஸ்லைடரின் வேலை என்று மாடலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஸ்லைசரில் ஒரு விசையை அழுத்தினால் மூலப்படம் கண் முன் வந்து நிற்கிறது; மாடலின் விளிம்பும் அந்தப் படத்தின் மேலேயே கோடாக ஓடும். எங்கே உள்வாங்கியிருக்கிறது, எங்கே பிதுங்கியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். செல்போனில் 3டி படம் மட்டும் அனுப்பி வைத்து 'பிளான் ரெடி' என்று சொல்கிற சேவைகளும் ஊரில் உண்டு. அவற்றை நான் நம்புவதில்லை.

வேலையில் பாதிக்கு மேல் செக்மென்ட் எடிட்டர் என்ற ஒரே மாட்யூலில்தான் (மென்பொருளின் ஒவ்வொரு பிரிவுக்கும் மாட்யூல் என்று பெயர்). த்ரெஷோல்ட், பெயின்ட், அழிப்பான், கத்தரி, ஒன்றோடொன்று ஒட்டாத துண்டுகளை, அதாவது தனித்தீவுகளைப் பிரிக்கும் கருவி, நிரப்பும் கருவி என்று வரிசையாகப் பொத்தான்கள் இருக்கும். முதல் தடவை த்ரெஷோல்ட் போட்டதும் எலும்போடு ஸ்கேன் மேஜையும் தலையணைத் தாங்கியும்கூட வந்து நிற்கும். பெரிய தீவை மட்டும் வைத்துக்கொள் என்றால் அவை போய்விடும். இதுவரை எல்லாம் சுலபம்.

சிக்கல் கீழ்த்தாடையில் ஆரம்பிக்கிறது. காதுக்கு முன்னால் தாடை மூட்டில் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மிகக் குறைவு. நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கேன் எடுத்திருந்தால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொள்ளும். த்ரெஷோல்ட் போட்டால் தாடை மண்டையோட்டோடு ஒரே கட்டியாக வரும். இதற்கு 'குரோ ஃப்ரம் சீட்ஸ்' என்ற கருவி இருக்கிறது. தாடையில் ஒரு நிறத்தில் நாலு கீற்று, மண்டையோட்டில் இன்னொரு நிறத்தில் நாலு கீற்று, இரண்டும் இல்லாத இடத்தில் மூன்றாவது நிறத்தில் கொஞ்சம். அப்புறம் இனிஷியலைஸ் பொத்தான். படத்தின் வெளிச்ச வேறுபாட்டைப் பார்த்து, எந்தப் புள்ளி எந்த நிறத்துக்குச் சேரும் என்று அதுவே பங்கு பிரித்துவிடும். பிடிக்காத இடத்தில் இன்னொரு கீற்று போட்டால் உடனே திருத்திக்கொள்ளும். ஸ்லைஸ் ஸ்லைஸாக, அதாவது ஸ்கேனின் ஒவ்வொரு வெட்டுப் படமாக, உட்கார்ந்து கையால் வரைந்துகொண்டிருந்த வேலைக்கு இது பெரிய விடுதலை. உலோகத் தொப்பி போட்ட பல் இருந்தால் மட்டும் விடுதலை கிடையாது. அதிலிருந்து கிளம்பும் வெள்ளைக் கீற்றுகள் படத்தை நாசம் செய்திருக்கும். அந்த இடத்தைக் கையால் அழித்துத்தான் ஆக வேண்டும்.

ஸ்மூத்திங் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 3டி காட்டும் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு வழவழப்பு அளவு ஏற்கெனவே 0.5இல் வைக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு அழகாக இருக்கும் என்பதற்காக அதை ஏற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய எலும்பு விளிம்புகளும் முறிவுக் கோடுகளும் அதிலேயே கரைந்து போகும். டாக்டர் பார்க்க வேண்டியதே அந்தக் கோட்டைத்தானே. கொஞ்சம் சொரசொரப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு பக்கக் கன்ன எலும்பு நொறுங்கிப்போனால், நன்றாக இருக்கிற பக்கத்தைக் கண்ணாடிபோல் திருப்பி மறுபக்கத்தில் பொருத்திப் பார்ப்பது வழக்கம். சர்ஃபேஸ் டூல்பாக்ஸில் அதற்கு வசதி உண்டு. ஆனால் அது திருப்புவது மென்பொருளின் அச்சை வைத்து. நோயாளியின் நடுக்கோட்டை அதற்குத் தெரியாது. ஸ்கேனில் தலை சற்றே சாய்ந்திருந்தால், திருப்பிய எலும்பும் எங்கோ போய் நிற்கும். முதலில் தலையை நேராக்கி, பிறகு திருப்பி, பிறகு மீண்டும் பொருத்த வேண்டும். செய்யத் தெரிந்தவருக்கு ஒரு டீ நேரத்து வேலை. தெரியாதவர் அன்றைய சாயங்காலத்தை அங்கேயே தொலைப்பார். இதற்கு ஒரே ஒரு பொத்தான் வைத்திருக்கலாம்.

இதோடு சேர்ந்தது இடது வலது குழப்பம். கட்டங்களில் திரையின் இடப்பக்கம் இருப்பது நோயாளியின் வலப்பக்கம். கதிரியக்கத் துறையில் எங்கும் இதுதான் வழக்கம். 3டி கட்டத்தின் மூலையில் ஒரு சின்ன மனித உருவத்தைக் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம். மாடல் திரும்பினால் அந்த ஆளும் திரும்புவார். நான் அதை அணைப்பதே இல்லை. பிரின்டருக்குப் போகும் எஸ்.டி.எல். கோப்பில் நோயாளியின் பெயரும் இருக்காது, பக்கமும் இருக்காது, மில்லிமீட்டரா அங்குலமா என்ற அளவுகூட எழுதப்பட்டிருக்காது. அதனால் பிரின்ட் முடிந்த சூட்டோடு மார்க்கர் பேனாவால் 'வ', 'இ' என்று எழுதிவிடுவேன். அப்புறம் வெர்னியர் காலிப்பரை எடுத்து, தாடையின் இரண்டு கோணங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை மாடலில் அளந்து, திரையில் ஸ்லைசில் போட்ட அளவுகோட்டோடு ஒப்பிடுவேன். அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த மாடல் என் வீட்டைத் தாண்டாது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். சேவ் பெட்டி. வேறு எந்த மென்பொருளிலும் சேவ் கொடுத்தால் சேவ் ஆகும். இங்கே ஒரு பெரிய அட்டவணை திறக்கும். படம் ஒரு வரி, செக்மென்டேஷன் ஒரு வரி, நீங்கள் போட்ட ஒவ்வொரு அளவுகோடும் ஒரு வரி, காட்சி அமைப்பு ஒரு வரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் பெட்டி, ஒரு கோப்பு வகை, ஒரு ஃபோல்டர். ஏதாவது ஒன்றுக்கு டிக் விழாமல் போனால் அது போனதுதான். தப்பிக்க வழி உண்டு: மேலே இருக்கும் சின்னப் பெட்டிப் படத்தை அழுத்தி எல்லாவற்றையும் எம்.ஆர்.பி. என்ற ஒரே மூட்டையாகச் சேமிக்கலாம். இந்த வழியை முதலிலேயே கண்ணில் படும்படி வைக்காதது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. தானாகச் சேமித்துக்கொள்வதும் கிடையாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரன்ட் நிறுத்துகிற ஊரில் இது சாதாரண விஷயமில்லை. யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இரண்டாவது குறை, மாட்யூல் பட்டியல். மேலே ஒரு கீழிறங்கும் மெனு. அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. மூளை நரம்பு இழைகள், கதிர்வீச்சு சிகிச்சை, இதய வால்வு, ஊசி செலுத்தும் வழிகாட்டல் எல்லாம் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. தாடை வேலைக்கு வந்தவருக்கு இதில் ஐந்தாறு மாட்யூல் போதும். எந்த ஐந்தாறு என்று யாரும் சொல்வதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்: டைக்காம் (ஸ்கேன் படங்களுக்கான பொதுவான கோப்பு வகை; அதை ஏற்றும் மாட்யூலுக்கும் அதே பெயர்), வால்யூம் ரெண்டரிங், செக்மென்ட் எடிட்டர், மார்க்கப்ஸ், டிரான்ஸ்ஃபார்ம்ஸ், சர்ஃபேஸ் டூல்பாக்ஸ். மற்றவற்றைத் திறக்காமலே காலத்தை ஓட்டலாம்.

எக்ஸ்டென்ஷன்கள் என்ற துணைப் பொருட்கள் தனி உலகம். எல்லாம் இலவசம். டென்டல் செக்மென்டேட்டர் என்பதை நிறுவினால் மேல்தாடையும் மண்டையோட்டின் மேல்பகுதியும், கீழ்த்தாடை, மேல் பற்கள், கீழ்ப் பற்கள், தாடைக்குள் நரம்பு ஓடும் கால்வாய் என்று ஐந்தாக அதுவே பிரித்துத் தரும். டோட்டல் செக்மென்டேட்டர் என்பது சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவானது. உடம்பு முழுவதிலும் நூற்றுக்கு மேற்பட்ட உறுப்புகளை அடையாளம் காணும். கிராஃபிக்ஸ் கார்டு நன்றாக இருந்தால் சில நிமிடத்தில் முடிக்கும். இல்லாத கம்ப்யூட்டரில் ஓடவிட்டுவிட்டு சிம்மக்கல் போய்க் காய்கறி வாங்கி வரலாம். முழு எலும்பாக இருந்தால் பிரமாதமாகவே பிரிக்கிறது. நொறுங்கிய எலும்பில், புற்று தின்ற எலும்பில் தடுமாறுகிறது. என்னிடம் வருவதோ முழுக்க அந்த மாதிரி எலும்புதான். ஆகவே அது போடும் முதல் பூச்சை வாங்கிக்கொண்டு மேலே கைவேலை செய்கிறேன்.

போன் ரீகன்ஸ்ட்ரக்ஷன் பிளானர் என்ற எக்ஸ்டென்ஷனைத் தனியாகச் சொல்ல வேண்டும். புகையிலை அடக்கிக்கொள்ளும் பழக்கம் இந்தப் பக்கம் அதிகம். கன்னத்திலோ ஈறிலோ ஆரம்பிக்கும் புற்று தாடை வரை இறங்கிவிட்டால் அந்தத் தாடைத் துண்டையே எடுக்க வேண்டி வரும். அதற்குப் பதிலாகக் காலின் வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து, துண்டுகளாக வெட்டி, தாடையின் வளைவுக்கு ஏற்ப அடுக்கிப் பொருத்துகிறார்கள். உடம்பின் எடையைப் பெரும்பாலும் பக்கத்து எலும்பான டிபியாதான் தாங்குகிறது என்பதால் அதை எடுக்க முடிகிறது. எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வெட்டுவது என்பதுதான் தலைவலி. இந்த எக்ஸ்டென்ஷனில் தாடைப் படத்தின் மேல் வெட்டும் தளங்களை வைத்தால், காலெலும்பில் எங்கெங்கே எந்தச் சாய்வில் வெட்ட வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஒரு தளத்தை நகர்த்தினால் துண்டுகளின் நீளம் மாறுகிறது. வெட்டும்போது கோணம் தவறாமலிருக்க எலும்பின் மேல் பொருத்துகிற வழிகாட்டி அச்சையும் வடிவமைக்கலாம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மவுஸைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் நான் வேடிக்கை பார்க்கிறவள் ஆகிவிட்டேன். அதுதான் சரி. எங்கே வெட்டுவது என்பது அவர் முடிவு செய்ய வேண்டியது.

அந்த வழிகாட்டி அச்சை நான் பிரின்ட் போட்டுத் தருவதில்லை. கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. என் பிரின்டரில் ஓடுவது பி.எல்.ஏ. பிளாஸ்டிக், 60 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் 121 டிகிரிக்கு அது எப்படித் தாங்கும்? சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் வைத்த தாடையே வளைந்துவிடும். நோயாளியின் உடம்பில் படுகிற பொருளுக்குத் தகுந்த ரெசினும், தகுந்த சுத்திகரிப்பும், தகுந்த அனுமதியும் வேண்டும். என்னுடையது மேஜை மாடல் மட்டும்.

அனுமதி என்றதும் சொல்ல வேண்டிய விஷயம் இன்னொன்று. 3டி ஸ்லைசர் சிகிச்சைக்கென்று அனுமதி பெற்ற மென்பொருள் அல்ல. ஆராய்ச்சிக்கானது என்று அவர்களே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் தரப்பில் தடை இல்லை, ஆனால் பொறுப்பு முழுக்கப் பயன்படுத்துகிறவருடையது. நம் நாட்டிலும் 2020 ஏப்ரலிலிருந்து மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் மென்பொருளும் வந்துவிட்டது. பெரிய மருத்துவமனைகள் பெல்ஜியத்து மெட்டீரியலைஸ் நிறுவனத்தின் மிமிக்ஸ் போன்றவற்றுக்குப் பெரும் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பணத்தில் அனுமதிக் காகிதமும், கூப்பிட்டால் பதில் சொல்ல ஓர் ஆளும் சேர்ந்தே வருகிறார்கள். நான் ஒவ்வொரு மாடலோடும் ஸ்லைஸ் படங்களின் மேல் விளிம்புக் கோடு ஓடுகிற ஒரு தாளை வைத்து, டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே பிரின்ட் போடுகிறேன். சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. சலித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று: த்ரெஷோல்டை எலும்பிலிருந்து தோல் வரை இறக்கிப் பாருங்கள். நோயாளியின் முகமே வந்து நிற்கும். மூக்கு, உதடு, காது மடல் எல்லாம். கோப்பிலிருந்து பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைத்து வாட்ஸாப் குழுவில் 3டி படம் போடுகிறவர்கள் இதை ஒரு முறை செய்து பார்க்க வேண்டும்.

என் பெரிய மனக்குறை மென்பொருளின் மேல் இல்லை, அதற்குள் போகிற டிஸ்க்கின் மேல். ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து வந்த டிஸ்க்கில் டைக்காம் கோப்பே இல்லை. ஃபிலிமில் அடித்த படங்களை ஜேபெக்காக மாற்றிப் போட்டிருந்தார்கள். இன்னொரு இடத்திலிருந்து வந்தது ஐந்து மில்லிமீட்டர் ஸ்லைஸ். ரிப்போர்ட் எழுத அது போதும்தான். ஆனால் அதில் மாடல் போட்டால் தாடை தெப்பக்குளத்துப் படிக்கட்டு மாதிரி வரும். ஸ்கேனர் எடுத்த மூலத் தரவிலிருந்து படத்தை மறுபடி உருவாக்குவதை ரீகன் என்போம்; எலும்பின் விளிம்பைக் கூர்மையாகக் காட்டும் கணக்கு முறைக்கு எலும்பு கெர்னல் என்று பெயர். அதைக் கேட்டு அந்த சென்டருக்கு போன் போட்டேன்.

"தம்பி, இதையே ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ எலும்பு கெர்னல்ல ரீகன் பண்ணிக் குடுங்களேன்."

"அக்கா, எடுத்து ஒரு வாரம் ஆச்சு. ரா டேட்டா போயிருச்சே."

அவர் சொன்னது பொய்யில்லை. ஸ்கேனர் எடுத்த மூலத் தரவு கன்சோலில் சில நாட்கள்தான் தங்கும். இடம் போதாமல் புதியது பழையதன் மேல் ஏறிக்கொள்ளும். அதற்குள் கேட்டால் அந்த மெல்லிய ஸ்லைஸுக்கு இன்னொரு முறை கதிர்வீச்சு வாங்க வேண்டியதில்லை. நாள் தவறினால் மறுபடி ஸ்கேன், மறுபடி செலவு. அது தெரியாமல் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து போகிறவர்கள் நோயாளியின் வீட்டுக்காரர்கள்தான்.

ஸ்லைசர் இந்த விஷயத்தில் கண்டிப்பான ஆள். ஸ்லைஸ் இடைவெளி சீராக இல்லையென்றால், நடுவில் சில ஸ்லைஸ் காணாமல் போயிருந்தால், டிஸ்க்கை ஏற்றும்போதே எச்சரிக்கை கொடுக்கும். ஸ்கேனரின் வளையத்தைச் சாய்த்து எடுத்த தலைப் படத்தை சாய்வுக் கணக்கோடு திருத்திக்கொள்ளவும் அதற்குத் தெரியும். அதைக் கவனிக்காத மென்பொருளில் போட்டால் மண்டையோடு ஒரு பக்கமாகச் சரிந்து வரும். பார்ப்பதற்கு இயல்பாகவே இருக்கும் என்பதுதான் பயம். பல் மருத்துவமனைகளில் எடுக்கிற கோன் பீம் ஸ்கேனுக்கு ஒரு வார்த்தை: அதில் வரும் எண்கள் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவுக்குச் சரிக்கட்டப்பட்டவை அல்ல. சி.டி.யில் பழகிய த்ரெஷோல்டை அப்படியே அங்கே போடாதீர்கள். கண்ணால் பார்த்து வையுங்கள்.

மாற்று என்ன இருக்கிறது? பார்ப்பதற்கு மட்டும் என்றால் போலந்தின் ரேடியன்ட் வேகமானது, டிஸ்க்கைப் போட்டதும் திறக்கும்; பிரித்தெடுத்துத் திட்டமிடுகிற வேலைக்கு அது இல்லை. இலவசத்தில் பிரேசிலின் இன்வெசாலியஸ் இருக்கிறது. கம்பினாஸ் நகரத்து அரசு ஆய்வு மையம் ஒன்றில் 2001இல் தொடங்கிய வேலை. ஸ்கேனை ஏற்று, எலும்பைத் தேர்ந்தெடு, 3டி செய், எஸ்.டி.எல். ஆக வெளியே எடு என்று இடப்பக்கம் வரிசையாகக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும். கல்லூரியில் முதல் தடவை கை வைக்கிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் கொடுப்பேன். ஒரு முழு மண்டையோடு பிரின்ட் போட அது போதும். தாடையைத் தனியே பிரிக்க வேண்டும், திருப்பிப் பொருத்த வேண்டும், வெட்டும் கோணம் பார்க்க வேண்டும் என்று வந்தால் ஸ்லைசருக்கு மாறித்தான் ஆக வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு எவ்வளவு செலவாகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 512க்கு 512 புள்ளி அளவில் 400 ஸ்லைஸ் கொண்ட தலை ஸ்கேன் சுமார் 200 எம்.பி. வரும். ஏற்றுகிற தரவைப் போலப் பத்து மடங்கு மெமரி வேண்டும் என்பது ஸ்லைசர்காரர்கள் சொல்லும் கணக்கு. அதன்படி இரண்டு ஜி.பி. ஆகிறது. செக்மென்ட் எடிட்டரில் நாலைந்து துண்டு பிரித்தால் இன்னும் தின்னும். 16 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி., தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பழைய டெஸ்க்டாப் போதும். கைவசம் இருக்கிற எட்டு ஜி.பி. லேப்டாப்பில் கற்றுக்கொள்ளலாம், தொழில் செய்ய முடியாது. மவுஸ் நல்லதாக வாங்குங்கள், நடுச்சக்கரம் உள்ளது. டச்பேடில் இந்த வேலை நடக்காது.

ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கிற டாக்டர்களுக்கு: சீட்டில் 'முகம் சி.டி.' என்று மட்டும் எழுதாமல், ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த ஸ்லைஸ், எலும்பு கெர்னலும் மென்திசு கெர்னலும் இரண்டும், வளையம் சாய்க்காமல், பற்களுக்கு நடுவே பஞ்சுச் சுருள் வைத்து, டைக்காமாக டிஸ்க்கில் என்று எழுதிவிடுங்கள். ஃபிபுலா வைக்கிற உத்தேசம் இருந்தால் காலின் ஆஞ்சியோவையும் (ரத்தக்குழாய் ஸ்கேன்) அதே நாளில் மெல்லிய ஸ்லைஸாகக் கேளுங்கள். கன்சோலில் இருக்கிற பிள்ளைகள் கேட்டால் செய்துதான் கொடுப்பார்கள்.